ஒன்பது கிரகத்துக்கும் பெரியக்கா

"நீ கிளம்பும்மா. உன் குரல்ல கெஞ்சல் இருக்கு."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். வாசலில் அவள் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

தன் முறைக்குக் காத்திருந்த மேகலா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

தி. நகரில் ஒரு மாடி அலுவலகம் அது. விஞ்ஞானக் கதை ஒன்றை வெப் சீரிஸாக எடுக்கிறார்கள். கதைப்படி ஒன்பது கிரகங்களை அரசர்கள் ஆள்கிறார்கள். அந்த அரசர்களை ஒரு ரகசியச் சகோதரிக் கூட்டம் ஆள்கிறது. கையில் ஆயுதம் கிடையாது. எந்த ராஜா யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், எவன் தலையில் கிரீடம் இருக்க வேண்டும், எல்லாம் அவர்கள் வாயிலிருந்து வருவதுதான். அந்தக் கூட்டத்தின் தலைவிக்குப் பெயர் பெரியக்கா. அந்த வேஷத்துக்குத்தான் இன்று ஆள் எடுக்கிறார்கள்.

மேகலா இதுவரை சீரியல்களில் கதாநாயகியின் பக்கத்து வீட்டுக்காரியாகவே காலம் தள்ளியவள். காபி கொடுப்பாள், "அப்படியா சங்கதி?" என்பாள், கேமரா வேறு பக்கம் திரும்பிவிடும். இது கிடைத்தால் ஊரே முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

கொடுத்திருந்த வசனம் ஒரே சொல்: "மண்டியிடு." நேற்று வீட்டில் கணவன் டில்லிபாபுவிடம் சொல்லிப் பார்த்தாள். "எதுக்கு, சிலிண்டர் மாத்தணுமா?" என்று கேட்டான். காலையில் வேளச்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும்போதும் விடாமல் முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளறையில் இயக்குநர் சேரன் போனில் பேசிக்கொண்டிருந்தார். துணை இயக்குநர் பாலகணேஷ், நரை தட்டிய தாடிக்காரர், வெளியே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அந்த ஏசியைக் கொஞ்சம் குறைங்க. இவங்களுக்கெல்லாம் தொண்டை கட்டிக்கப் போகுது," என்றாள் ஜன்னலோர அம்மாள்.

"சரிங்க மேடம்." குறைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

தயாரிப்பாளராகத்தான் இருக்க வேண்டும் என்று மேகலா நினைத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மற்றவர்களும் அப்படியே.

"அடுத்து யாரு? சொல்லு பாப்போம்."

ஏஞ்சல் எழுந்தாள். நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண், மேடை நாடகக்காரி.

"மண்டியிடு," என்றாள். மேகலாவின் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது.

அம்மாள் நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். "எங்க கத்துக்கிட்டே?"

"கத்துக்கினது இன்னா கீது மேடம். எங்கம்மா கரையில நின்னு கொரல் குட்த்தா, கடல்ல கீற எங்க நைனா போட்டைத் திருப்பிக்கினு வந்துடும்."

"பிரமாதம் கண்ணு. ஆனா பெரியக்காவா நிக்க உனக்கு வயசு பத்தாது. அவ பின்னாடி நிக்கவும் உன் மனசு ஒப்பாது. உனக்குன்னு ஒண்ணு வரும், இரு."

"அத்துவும் கரீட்டு தான்," என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள் ஏஞ்சல்.

அதன்பிறகு அறை மளமளவென்று காலியானது. ஒருத்திக்கு மூச்சு போதவில்லை. இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு கட்டளையிட்டாள். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றி சொல்லிவிட்டுக்கூடப் போனார்கள்.

கடைசியாக மேகலா.

"மண்டியிடு."

"நீ சொல்லலம்மா. மண்டியிடுறியான்னு கேக்குறே. போய்ட்டு வா, வெயில் ஏறிடும்."

மேகலாவின் கால்கள் தம் பாட்டுக்கு வாசலை நோக்கி நடந்தன. செருப்புக்குள் ஒரு காலை நுழைத்தபோதுதான், காபி கொடுத்தே கிழவியாகிவிடுவோம் என்று உறைத்தது. காலை வெளியே எடுத்தாள்.

"போக மாட்டேன் மேடம். வேணாம்னா டைரக்டரே என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்."

 சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இப்பதான் உன் குரலே வெளிய வருது. அவர்கிட்டயும் இப்படியே பேசு. உக்காரு."

மேகலா உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. சேரன் வெளியே வந்து வெறும் நாற்காலிகளைப் பார்த்தார். "எங்கய்யா எல்லாரும்?"

"மேடம் டெஸ்ட் பண்ணி அனுப்பிட்டாங்க சார்," என்றார் பின்னாலேயே வந்த பாலகணேஷ்.

"எந்த மேடம்?"

"நீங்க வரச் சொன்ன..." பாலகணேஷின் குரல் தேய்ந்து நின்றது.

ஜன்னலோர அம்மாள் புடவை மடிப்பை நீவிக்கொண்டு எழுந்தாள்.

"வணக்கம் சார். சண்முகவடிவு, கோபாலபுரம். பெரியக்கா வேஷத்துக்கு நானும் வந்திருக்கேன்," என்றாள். "பின்னாடி நிக்கிற தங்கச்சி வேஷத்துக்கு இந்தப் பொண்ணு சரியா இருப்பா. உள்ள வாங்க, பேசலாம்."

சேரன் தன் அறைக்குள் அவள் பின்னாலேயே போனார்.