இன்னொரு தடவை குத்துங்க

"விரல்ல குத்திட்டேன்மா. மெஷின்ல சர்க்கரை நூத்தி இருபத்தெட்டு."

"கையில ஒட்டியிருக்கிற சென்சார் என்ன காட்டுது ஐயா?"

"நூத்தி முப்பது. ரெண்டும் ஒத்துப்போகுதே!"

"எதுக்கும் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம். லைன்லயே இருங்க."

சர்க்கரை மானிட்டர் கம்பெனியின் உதவி மையத்துக்காக அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். முதல் நாள் சந்தேகம் கேட்டுப் பெரியவர்தான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு இந்த ஐந்து நாளாக அவளே கூப்பிட்டுச் சரிபார்க்கிறாள். காத்திருக்கும் கால் மணி நேரமும் அவர்தான் பேசுவார். பாவம், பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மனுஷர் போலிருக்கிறது. இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பூனை அவருடைய ஷூ பெட்டியில் குட்டி போட்ட கதை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இப்போ குத்துங்க ஐயா."

"நூத்தி முப்பத்தொண்ணு."

"சரியா இருக்கு. நாளைக்கும் இதே நேரம் கூப்பிடுறேன்."

"அம்மாடி, பெட்டியோட வந்த புத்தகத்துல ஒரு தடவை குத்தினா போதும்னு போட்டிருக்கு. அதுவும் முதல் நாள் மட்டும்."

அவரே தொடர்ந்தார்.

"ரெண்டாவது தடவை நான் குத்துறதே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொல்றேன்."

"அப்போ ஏன் ஐயா லைன்ல இருந்தீங்க?"

அந்தப் பக்கம் கதவு படாரென்று திறந்தது. "தாத்தா, எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கத்தின.

"வரேன், வரேன்!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உன் பக்கம் ஃபேன் சத்தத்தைத் தவிர வேற சத்தமே கேக்கலியேம்மா. நாளைக்கும் கூப்பிடு. ஊசியை மட்டும் விட்டுடுவோம்."