வேலை இருந்தால் மட்டும்

“மெஷின் மறுபடி நின்னு போச்சு. தண்ணி இறங்கல” என்றாள் அவள், கதவைத் திறந்ததும் திறக்காததுமாக.

“இந்த மாசத்துல இது மூணாவது தடவை. துணி துவைக்கிறியா, இல்ல அதோட மல்லுக்கட்டுறியா?”

கேட்டுக்கொண்டே கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கினான் மெக்கானிக். இரண்டு வருடம் முன்புவரை இது அவன் வீடு. கதவைத் திறந்தவள் அவன் மனைவி.

விவாகரத்து ஆன அன்று நீதிமன்றப் படியில் நின்று, “இனிமே வேலை இருந்தா மட்டும்தான் உன் வீட்டு வாசப்படி மிதிப்பேன். வேலை, கூலி, அவ்வளவுதான் நமக்குள்ள!” என்று கத்தியிருந்தான். மகளை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றுதான் தீர்ப்பு. வீம்புதான் விடவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று கையசைப்பதோடு சரி.

“அப்பா!”

வழவழத் தரையில் சறுக்கிக்கொண்டே வந்து அவன் மேல் மோதி நின்றாள் மகள். சமையலறையில் மெஷின் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

“என் கண்ணுல அடிக்காத வாலு, மெஷினுக்கு அடி. ஆமா, முன்பல் எங்க? ஸ்பேர் பார்ட் சொல்லியாச்சா?”

“அது தானா முளைக்கும். உன் மெஷின் மாதிரி இல்ல!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். இன்றைக்கு ஒரு முடிவோடு வந்திருந்தான். மாதா மாதம் மகளுக்கான பணத்தை அவன் அக்காதான் இங்கே கொண்டுவந்து கொடுப்பாள். போன வாரம் கொடுத்துவிட்டு வந்தவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டாள். “அது குழந்தைக்குப் போகுதுன்னா நினைச்சிட்டிருக்க? அவ தோள்ல புதுப் பை தொங்குதுடா. பேசாம ஸ்கூல் ஃபீஸை நீயே நேரா கட்டிடு.”

மெக்கானிக் தொண்டையைச் செருமினான்.

“நான் அனுப்பற பணம் என்ன ஆகுது?”

“குழந்தைக்குச் செலவாகுது.”

“அந்தப் புதுப் பை?”

“ஓ, அக்கா ரிப்போர்ட் குடுத்தாச்சா? அது என் சம்பளத்துல வாங்கினது. லேப்ல நாள் பூரா ரத்தம் எடுக்கிறேன்ல?”

“எல்லார் ரத்தத்தையும் உறிஞ்சிப் பழகிட்ட.”

“உங்ககிட்டதான் முடியல. கல்லுல ஏது ரத்தம்?”

மகள் கெக்கெக்கே என்று சிரித்ததில் டார்ச் வெளிச்சம் கூரைக்கும் தரைக்கும் குதித்தது.

“சிரிச்சது போதும். அடுத்த மாசத்துலேர்ந்து ஸ்கூல் ஃபீஸை நானே கட்டிடறேன். உனக்குப் பணம் அனுப்பப் போறதில்ல.”

மகளின் அம்மா முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. ஏற்கெனவே பளபளத்த அடுப்பை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

“அவளுக்கு வேற செலவும் இருக்கு” என்றாள் மெதுவாக.

“என்ன செலவு?”

“இருக்கு.”

இதற்குமேல் பேசினால் சண்டைதான் வரும். அவன் மெஷினின் அடியிலிருந்த வடிகட்டியைத் திருகினான்.

“இதைக் கழட்டிச் சுத்தம் பண்ண எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்?”

“எனக்கு அதெல்லாம் கை வரல.”

தட்டில் அழுக்குத் தண்ணீர் வழிந்தது. கூடவே ஒரு சிவப்பு க்ளிப். போன தடவை பட்டன். அதற்கு முன்னால் ஒரு நாணயம்.

அவன் யோசித்தான். பாக்கெட்டை இரண்டு தடவை உதறிப் பார்க்காமல் துணி நனைக்காதவள் அவள். பின்னே இதெல்லாம் எப்படி? நிமிர்ந்து மகளைப் பார்த்தான். அவள் தலையில் ஒரு பக்கம் சிவப்பு க்ளிப் இருந்தது. மறுபக்கம் முடி கலைந்து தொங்கியது. அவள் அவசரமாக உதட்டின் மேல் விரலை வைத்து, ‘சொல்லாதே’ என்று கண்ணால் கெஞ்சினாள்.

சங்கதி இதுதானா! மெக்கானிக் க்ளிப்பைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டான்.

“என்ன அடைச்சிருந்தது?”

“நூல், தூசி. பழைய மெஷின்ல சகஜம்தான்.”

அவள் உள்ளே போய்ப் பணத்தோடு வந்தாள்.

“இன்னிக்கு வேணாம், விடு.”

“வேலைன்னா கூலி. நீங்க சொன்னதுதானே?”

அவள் கையிலிருந்தது பழுப்பு உறை. அவன் கடை முத்திரை குத்தி, அக்காவிடம் கொடுத்தனுப்பிய அதே உறை.

“இது குழந்தைக்குக் குடுத்த பணமாச்சே!”

“குழந்தைக்குத்தான் செலவாகுது” என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல்.

அக்கா சொன்னது சரிதான் என்று கறுவிக்கொண்டே வெளியே வந்தான். மறந்துவிட்டு வந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு மகள் பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, கலைந்த முடியில் க்ளிப்பை மாட்டிவிட்டான்.

“இங்க பாரு வாலு. என்னைப் பாக்கணும்னு தோணிச்சுன்னா ஒரு போன் பண்ணு. இப்படி மெஷின்ல எதையாவது போட்டு அம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாது, என்ன?”

“நானா? நான் எங்கப்பா போட்டேன்?” மகள் கண்களை அகல விரித்தாள். “உன்னைப் பாக்கணும்னு நான் அழுதா, அம்மாதான் நீ இப்ப கழட்டின அந்த மூடியைத் திருகி எதையாவது உள்ள போட்டுட்டு, ‘மெஷின் நின்னு போச்சு’ன்னு உனக்குப் போன் பண்ணுவாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க!”

மெக்கானிக் எழுந்தான். கருவிப் பையைத் தெருவிலேயே வைத்துவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் அந்த வாசற்படியை மிதித்தான்.