மரபணு இல்லாத தக்காளி

புகாரின் பேரில் வந்த உணவு ஆய்வாளர் பலகையை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிக்கப் பொறுமை இல்லை.

'இங்கே மரபணு இல்லாத தக்காளி மட்டுமே கிடைக்கும்.'

கடை முன்னால் கூட்டம் நெரிந்தது. பக்கத்துக் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான்தான் சார்," என்றாள் தக்காளிக்காரி, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மரபணு இல்லாம தக்காளி ஏது? ஊரை ஏமாத்தறீங்களா?"

அவள் நிமிர்ந்தாள். "அப்போ இருக்குங்கிறீங்களா?"

"இருக்கு."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்."

திமிரைப் பார்! ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தத் தக்காளியில மரபணு இருக்கு!"

அவ்வளவுதான். நாலைந்து பைகள் கவிழ்ந்தன. பொறுக்கி எடுத்த பழமெல்லாம் பெட்டிக்கே திரும்பி உருண்டது.

"அடிப்பாவி! பேரனுக்கு நேத்துகூட வாங்கிட்டுப் போனேனே!" என்று ஓர் அம்மாள் கன்னத்தில் கை வைத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. எல்லாத் தக்காளியிலயும் இருக்கு. கீரையில இருக்கு. வெங்காயத்துல இருக்கு."

அடுத்த கடை வெங்காயக்காரர் பதறி எழுந்தார். "சார், உங்க சண்டை அவங்களோட. என் வெங்காயத்தை எதுக்கு இழுக்கறீங்க?"

"யோவ், உன் உடம்புல, என் உடம்புல, எல்லார் உடம்புலயும் இருக்குய்யா!"

"எனக்கா?"

"அப்பாகிட்டேருந்து பாதி, அம்மாகிட்டேருந்து பாதி. பரம்பரையா வரும்."

"எங்க பரம்பரையில அந்த மாதிரி எதுவும் கிடையாது. யாரை வேணா விசாரிங்க." கொஞ்சம் யோசித்தார். "என் மச்சான் வீட்டுப் பக்கம் இருந்தா எனக்குத் தெரியாது."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது ஆய்வாளருக்குப் புரிந்தது. நிதானமாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஆய்வுக்கூடத்துல ஒரு பயிரோட மரபணுவை மாத்தறாங்களே, அது வேற. இது சாதாத் தக்காளி. இதுல யாரும் கை வைக்கல. கை வெச்சதைக்கூட வருஷக்கணக்கா சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் வெளியே விடுவாங்க."

கண்ணாடி போட்ட ஒருவர் விரலை உயர்த்தினார். "மாத்தினதைச் சோதிப்பாங்க?"

"ஆமா."

"இது மாத்தாதது. இதைச் சோதிச்சாங்களா?"

"இதை எதுக்குய்யா சோதிக்கணும்?"

"கேட்டீங்களா!" என்று கூட்டத்தைப் பார்த்தார் கண்ணாடிக்காரர். "யாருமே சோதிக்காத மரபணுவாம்!"

ஆய்வாளர் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். சாறு சட்டையில் வழிந்தது. "பாருங்க. எனக்கு ஏதாவது ஆச்சா?"

"அவருக்குத்தான் ஏற்கெனவே உடம்பு பூரா இருக்கே, அவர் வாயாலயே சொன்னாரு," என்றது ஒரு குரல். "முழுக்க நனைஞ்சவருக்கு என்ன?"

கூட்டம் கலைந்தது. பதினொரு பெட்டி மிச்சம். எல்லாம் கனிந்த பழம். நாளைக்குத் தாங்காது.

"சார்," என்றாள் தக்காளிக்காரி. பழைய மிடுக்கு போன இடம் தெரியவில்லை. "என் தம்பி தோட்டத்துப் பழம். இது குப்பைக்குப் போனா அவனுக்கு அடுத்த நடவு கிடையாது. ஏதாவது பண்ணுங்க சார்."

ஆய்வாளர் பெட்டிகளைப் பார்த்தார். உண்மையைச் சொல்லி ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியாகிவிட்டது.

பையைத் திறந்தார். மாதிரி எடுக்கும் கண்ணாடிப் புட்டி, அரக்கு, முத்திரை.

புட்டியை ஒவ்வொரு பெட்டியின் மேலும் கவிழ்த்துப் பிடித்தார். பத்து எண்ணினார். மூஞ்சியைக் கல்லாக வைத்துக்கொண்டு மூடியைத் திருகி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"மரபணு மொத்தமும் எடுத்தாச்சு! பறிமுதல்! எல்லாம் இந்தப் புட்டிக்குள்ள!"

போன கூட்டம் வந்தது. காலிப் புட்டியை எட்டி எட்டிப் பார்த்தது.

"உள்ள ஒண்ணும் தெரியலையே?"

"அது கண்ணுக்குத் தெரியுமா?" என்று அதட்டினார் கண்ணாடிக்காரர். "முத்திரையைப் பாருய்யா."

பேரனுக்கு வாங்குகிற அம்மாள் ஆய்வாளரை நெருங்கினாள். "எடுத்ததுல ருசி குறையுமா?"

"குறையாதும்மா."

"எடை குறைஞ்சிருக்குமே?" தக்காளிக்காரியிடம் பையை நீட்டினாள். "ரெண்டு பழம் சேர்த்துப் போடு."

அரை மணி நேரத்தில் பதினொரு பெட்டியும் காலி. வெங்காயக்காரர் மூட்டை வாயைப் பிரித்து வைத்துக்கொண்டு, "சார், இந்தப் பக்கமும் ஒரு புட்டி காட்டிட்டுப் போங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போகட்டும்மா, வழக்கு எழுதல. ஆனா ஒண்ணு. இனிமேயாவது பொய் சொல்லி விக்காதீங்க."

தக்காளிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வர்றவங்க எல்லாம் மரபணு இருக்கான்னு கேட்டாங்க சார். இருக்குன்னேன், ஓடினாங்க. இல்லைன்னு எழுதினேன், வாங்கினாங்க. அந்தப் பொய் மனசை அறுத்துது. அதான் என் மேல நானே புகார் எழுதி உங்க ஆபீசுக்குப் போட்டேன். நிஜத்தை நீங்க சொன்னா ஜனங்க நம்புவாங்கன்னு நெனச்சேன்."