ஊதிப் பார்க்கோணும்

"இஞ்ச ஊதக்கூடாதோ? என்ன விசர்க்கதை ஐயா இது!"

வல்லிபுரத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஏறாதா? யாழ்ப்பாணத்து மனுஷர். கொழும்பில் கப்பல் ஏறி, தூத்துக்குடியில் ரயில் பிடித்து, சாத்தூரில் இறங்கி, மாட்டுவண்டியில் இடுப்பு கழன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்திருக்கிறார். 1901-ல் வேறு வழி ஏது? எல்லாம் ஆண்டிச்சாமி ஆசாரி கையால் ஒரு நாயனம் வாங்கத்தான்.

நாயனம் தயார். வீட்டு முன்கட்டுதான் ஆசாரிக்குப் பட்டறை. மரத்தூளைத் தட்டி, துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். ஊதிப் பார்க்க மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

"சுதி சுத்தமா இருக்கு அய்யா. கம்மாய்க்கரையில வச்சு நானே ஊதிப் பாத்துட்டேன். நம்பிக் கொண்டு போங்க."

"நீர் ஊதினது உமக்கு. நான் ஊதிப் பார்க்கோணும்."

"அப்ப ஊருக்கு வெளிய போயி ஊதுங்க. இங்க வேண்டாம்."

"வெளியில போய் ஊதி, பிழையெண்டால் திரும்பி வர நேரம் எங்க இருக்கு? நாளைக்குக் கப்பல்!"

வாசலில் வண்டிக்காரன் வேறு, "அய்யா, இப்பப் பூட்டுனாத்தான் ரயிலு" என்று பறந்தான்.

போன வருஷம் ஊர்க் கோயில் திருவிழாவில், சரியாகக் கொடி ஏறுகிற நேரத்தில், வல்லிபுரத்தின் பழைய நாயனம் விரிசல் விட்டு அபஸ்வரம் பேசியது. கூட்டமே சிரித்தது. இந்தத் தடவையும் பிசகினால் கோயில் வாசிப்பு வேறொருத்தனுக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கொடியேற்றத்துக்கு இன்னும் எட்டே நாள்.

"மெல்லமாய் ஒருக்கா..."

"மெல்ல ஊத அது என்ன புல்லாங்குழலா?"

அடுப்படியிலிருந்து ஆசாரியின் மனைவி பாலம்மாள் எட்டிப் பார்த்தாள். "அவியகிட்டச் சொல்லிட்டாத்தான் என்ன?"

"ஏட்டி, உள்ள போ!" என்று அதட்டினார் ஆசாரி.

சரிதான், இதில் ஏதோ இருக்கிறது என்று வல்லிபுரம் முடிவு கட்டிவிட்டார். மரத்தில் கீறல் விழுந்து மெழுகு வைத்து அடைத்திருக்கிறான் பாவி!

"பக்கத்து வீட்டில பந்தல் போட்டிருக்கு. கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில நாயனம் ஊத என்ன தடை? உம்மட சாமானில பிழை. அதுதான் பயப்பிடுகிறீர்!"

"அய்யா, சத்தம் போடாதீக..." ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு சந்தேகத்தை இன்னும் கூட்டியது. வல்லிபுரம் துணியை உருவினார், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை அதன் நுனியில் செருகினார், விறுவிறுவென்று தெருவில் இறங்கினார். ஆசாரி ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் மோகன ராகத்தில் நீளமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்.

அடடா, என்ன நாதம்! மருந்துக்கும் ஒரு பிசிறு இல்லை. வல்லிபுரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் பயம் போன இடம் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினார்.

ஆசாரி தலையில் கைவைத்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"கெடுத்தீகளே அய்யா! தேவதானத்துலருந்து மேளதாளத்தோட விடியக்காலமே வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டுக்காரக இன்னும் வரலை. முகூர்த்தம் போகப் போகுது. மேளச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு அந்த வீடே காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கு. பொண்ணு வீட்டுச் சங்கதிய அயலூர்க்காரவுககிட்ட எப்படிச் சொல்லச் சொல்றீக?"

அவர் சொல்லி முடிக்கவில்லை. பந்தல் வீட்டுக்குள்ளிருந்து "வந்துட்டாக! வந்துட்டாக!" என்று கூச்சல் கிளம்பியது. குலவைச் சத்தம் கேட்டது. பெண்ணுக்குத் தாய் செல்லத்தாய் ஆலத்தித் தட்டோடு ஓடி வந்தாள். தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். வல்லிபுரத்தின் கையிலிருந்த நாயனத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கய்யா, வாங்க! மாப்பிள்ளை வண்டி பின்னால வருதா?"