பாதி விலை ஸ்வெட்டர்

அமெரிக்காவின் வான்கோழி விருந்துப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் முடிந்த மறுநாள் காலை. செயின்ட் லூயிஸ் நகரத்துக் கடையில் வான்கோழிப் பொம்மைகளை மூலையில் ஒதுக்கிவிட்டுக் கிறிஸ்துமஸ் விளக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். போஸ்னியாவிலிருந்து வந்த புதிதில் தொற்றிக்கொண்ட வழக்கம் இது: பண்டிகை முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கு வேண்டியதைப் பாதி விலையில் வாங்கி வைத்துவிடுவார்கள் எமினாவும் அவள் கணவர் சஃபெத்தும். வான்கோழி உருவம் பின்னிய ஆரஞ்சு ஸ்வெட்டர் ஒன்றை விரித்து அவள் தோளில் வைத்துப் பார்க்கிறார் சஃபெத். புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையில் முடி கொட்டிய அவர் தலையைக் கம்பளிக் குல்லா மூடியிருக்கிறது. “உனக்கு எடுப்பா இருக்கு. எடுத்துக்க.” “உங்களுக்கு?” “வீட்டுக்கு ஒரு வான்கோழி போதாதா?” எமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வருடாவருடம் இருவருக்கும் ஒரே மாதிரிதான் எடுப்பார்கள். அவர் லவங்கப்பட்டை மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்க்கிறார். அந்த நேரத்தில் அவள் அவருடைய வழக்கமான அளவைத் தேடி எடுத்து, தள்ளுவண்டியில் தன்னுடையதற்கு அடியில் வைக்கிறாள். கண்ணாடிக்கு வெளியே சாம்பல் வெளிச்சம். காற்றில் மேப்பிள் சருகுகள் கார்களுக்கு அடியில் போய் ஒதுங்குகின்றன. பில் போடும் இடத்தில் இரண்டாவது ஸ்வெட்டரும் வெளியே வருகிறது. சஃபெத் அதன் கையைப் பிடித்துப் பார்க்கிறார். “இந்த அளவு இப்ப எனக்குத் தொளதொளன்னு தொங்கும், எமினா.” அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி மடிக்கிறாள். “இப்பவா போடப் போறீங்க? அடுத்த வருஷத்துக்குத்தானே.”