சைரனை எடுங்க

"இது ஜெபகனி அண்ணன் வேலையாத்தான் இருக்கும் மேடம். ஒயரு எதையாவது புடுங்கி விட்டிருப்பாரு."

கடல் எச்சரிக்கை சைரனின் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த இன்ஜினீயர் ஜாஸ்மியிடம் ஜெஃப்ரின் சொன்னான். முட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கடற்கரை ஊரின் மீனவர் சங்கச் செயலாளர் அவன்.

"அவருக்கு ஏன் இதுமேல கோவம்?"

"வீடு இதுக்கு நேர் கீழ. 'சைரன எடுங்கலே, எடுங்கலே'ன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் கத்துவாரு. ஊரு உயிரு பெருசா, அவரு உறக்கம் பெருசா?"

ஜாஸ்மி உள்ளேயிருந்த போர்டைச் சோதித்தாள்.

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே. காலையில எங்க ஆபீஸ்லேருந்து புது சாஃப்ட்வேர் அனுப்பினாங்க. ஏறிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போயிருக்கு. சிப்புல இப்ப பாதி புதுசு, பாதி குப்பை. அதான் போர்டு முழிக்கவே மாட்டேங்குது."

"வேற போர்டு மாத்திரலாமே?"

"சென்னையிலேருந்து வரணும். இன்னைக்கு நடக்காது."

ஆனால் இன்றைக்குத்தான் வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் கள்ளக்கடல் ஏறும், அலை கரை தாண்டி வரும் என்று எச்சரிக்கை வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெபகனியே வீட்டிலிருந்து வெளியே வந்தார்.

"எவ்வளவு நேரமாவும் மோளே?"

"அரை மணி நேரம்."

சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பாறைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

"பாத்தீங்களா? சத்தம் வாறதுக்குள்ள ஓடுறாரு!"

ஜாஸ்மிக்கும் அந்த மனிதர் மேல் கசப்பு வந்தது. போர்டின் பக்கம் திரும்பினாள்.

லேப்டாப்பிலிருந்து வந்த கிளிப்பைச் சிப்பின் மேல் கவ்வவைத்து, பழைய சாஃப்ட்வேரை எழுதினாள். பிழை என்று காட்டியது. மறுபடி எழுதினாள். மறுபடியும் பிழை.

"விட்டுருங்க மேடம். ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிக்கிடலாம்."

"அலை திடீர்னு ஏறினா உங்க ஆட்டோ எங்கண்ணே ஓடும்? நான் இத எழுப்பாம போகமாட்டேன்."

யோசித்தாள். கிளிப் வழியே சிப்புக்குக் கரண்ட் போனதும் போர்டின் பிராசசரும் அரைகுறையாக எழுந்து, அதே சிப்பைப் படிக்கப் போகிறது. எழுதுகிறவள் கையிலிருந்து ஸ்லேட்டை இன்னொருவர் இழுக்கிற மாதிரி. எழுதி முடிக்கும்வரை அதை எழவிடக் கூடாது.

ஒரு துண்டு ஒயரை எடுத்தாள். ஒரு முனையை ரீசெட் பின்னிலும் மறுமுனையை கிரவுண்டிலும் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"அண்ணே, அந்த என்டர் பட்டனைத் தட்டுங்க."

தட்டினான். "எட்டு சதவீதம்... பதினொண்ணு..."

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. வியர்வை கண்ணுக்குள் ஓடி எரிந்தது. தோள்பட்டை மரத்துப்போனது. அறுபதைத் தாண்டும்போது வியர்வையில் ஒயர் வழுக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள், விரலை மட்டும் அசைக்கவில்லை.

"நூறு! சரியா எழுதியாச்சுன்னு வருது மேடம்!"

கிளிப்பைக் கழற்றிவிட்டுக் கரண்டைக் கொடுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சோதனை பட்டனை அழுத்தியதும் சைரன் அலறியது. ஜெஃப்ரின் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தெருவெல்லாம் ஆட்கள் வெளியே வந்து கைதட்டினார்கள்.

சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் ஜெபகனி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன மோளே, இன்னும் சரியாவல்லியா?"

ஜெஃப்ரினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளையாடுறீங்களா அண்ணே? இப்பம்தானே அடிச்சுது. ஊரே அதிர்ந்துது!"

ஜெபகனியின் முகம் விழுந்துவிட்டது.

"அப்பம் நான் பயந்தது சரிதான். பாறைக்கு அந்தப் பக்கம் இருக்க குடிசைகளுக்கு ஒரு பொட்டுச் சத்தம் வரல்ல. அதப் பாக்கத்தான் அங்க போயி நின்னேன்" என்றவர், ஜெஃப்ரின் பக்கம் திரும்பினார்.

"சைரன எடுங்க, எடுத்து அங்க கொண்டு வையுங்கன்னுதானே மக்கா நான் கூட்டத்துல சொல்ல வந்தேன்? பாதியிலேயே உக்கார வச்சுட்டீங்களே!"