வெயில் வந்து இறங்கிய நாள்

பால் இன்னும் பொங்கவில்லை.

சூரியனும் இன்னும் வரவில்லை.

இரண்டில் எது முந்துமோ என்று அவர் அடுப்பையும் யன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உலகத்துத் தமிழருக்கெல்லாம் பொங்கல் போன கிழமையே முடிந்துவிட்டது. நோர்வேயின் வடக்கு முனையில், இந்த மீன்பிடி ஊரில், அன்று மத்தியானமும் இருட்டுத்தான். கார்த்திகையில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன், தை பிறந்து ஒரு கிழமை கழித்துத்தான் தலை காட்டும்.

அவர் சுன்னாகம் சந்தையில் வாழைக்குலை விற்றவரின் மகன். சரக்கு வந்து இறங்காமல் நன்றி சொல்லும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை.

மனைவிக்கு உண்டு. தை முதலாம் திகதி, விடியாத காலையில், கிழக்குப் பார்த்துப் பொங்குவாள். கிழக்கில் குளிர்சாதனப் பெட்டிதான் நின்றது. அதையே கும்பிடுவாள்.

"வராத ஆளுக்கு வரவேற்போ?" என்பார் அவர்.

"கடனுக்குக் கும்பிட்டாச் சூரியன் கோவிக்காது. உங்கட அப்பர்தான் கோவிப்பார்."

பிறகு, சூரியன் உண்மையாகவே வருகிற நாளில், அவருக்காக இன்னொரு தரம் பொங்குவாள்.

இந்த வருடம் அந்த இரண்டாவது பொங்கலை அவரே பொங்குகிறார்.

முதலாவதைப் பொங்க வீட்டில் ஆள் இல்லை.

ஐப்பசியில் ஒஸ்லோவில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளைத் துடக்குக் கழியும் வரைக்கும் மகளுக்குத் துணையாக நிற்பது என்றுதான் பேச்சு. ஆனால் புறப்பட்ட மனைவி, படிக்கட்டில் பெட்டியோடு நின்று சொன்னாள்.

"நீங்களும் ஒரேயடியா வந்திடுங்கோ. இந்த இருட்டுக்க நான் இனி வரமாட்டன்."

மீன் ஆலைக்கென்று வந்த தமிழ்ச் சனமெல்லாம் ஏற்கெனவே தெற்கே இறங்கிவிட்டது. இப்போது இங்கே தமிழ்ச் சங்கம் கூடினால் தலைவரும் அவர்தான், சபையும் அவர்தான். இருந்தாலும் இது அவருடைய வீடு. மகள் வீட்டில் விருந்தாளியாகக் குந்தியிருக்க அவரால் முடியாது.



விலை படியாமல் நடக்கிற ஆளைக் கூப்பிடக்கூடாது. சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே ஆள் அதே கடைக்கு வருவதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். கூப்பிட்டவன் கதை அதோடு முடிந்தது.

பெட்டியின் சில்லு ஒவ்வொரு படியாக இடறி இறங்கியது.

கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஒவ்வொரு நாள் இரவும் தொலைபேசியில் கதைக்கிறார்கள். பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டது. பிரஷர்க் குளிசை போட்டாயிற்றா. அங்கே மழையா, பனியா. அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை. முதலில் தொட்டவர் இறங்கி வரவேண்டும்.

துறைமுகப் பக்கம் கூச்சல் எழுந்தது.

சூரியனை வரவேற்க ஊர் முழுக்க அங்கே சரிவில் நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட, பெரியவர்கள் ஆளையாள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் கோப்பியும், இந்த நாளுக்கென்றே செய்கிற ஜாம் பணிசும். காலையில் அவரும் பேக்கரிக்குப் போயிருந்தார். சோடியாக வாங்கினால் மலிவு என்று எழுதிப் போட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மலிவை விட்டுவிட்டு, ஒன்றோடு திரும்பி வந்தார்.

இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு கீற்று.

பிறகு வந்தேவிட்டது.

தாழ நின்ற வெயில் கடலைத் தாண்டி, வீதியைத் தாண்டி, யன்னலால் நேரே குசினிக்குள் வந்து நீட்டிப் படுத்தது.

கும்பிடத்தான் கையைத் தூக்கினார்.

மேசை கண்ணில் பட்டது.

மின்விளக்கு இரண்டு மாதமாக மறைத்து வைத்திருந்ததை வெயில் ஒரு நொடியில் கடை பரப்பிவிட்டது. அவர் இருக்கும் பக்கம், ஒரு கோப்பை வைக்கிற அளவுக்கு, மேசை பளபளத்தது. எதிர்ப்பக்கம் முழுக்கத் தூசு. ஒரு விரல் பட்ட தடமும் இல்லை.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது வெயில் போய்விட்டிருந்தது.

வழக்கமாக அவள்தான் தொலைபேசியில் கூப்பிடுவாள். இன்று அவர் கூப்பிட்டார்.

"என்ன இந்த நேரத்தில? சுகமில்லையோ?"

"அப்பிடி ஒண்டுமில்லை. சூரியன் வந்திட்டுது."

"பொங்கினியளோ?"

"ஓம்."

"எந்தப் பக்கமா வழிஞ்சது?"

பால் வழிகிற பக்கத்தை வைத்துத்தான் அவள் வருடத்துக்குப் பலன் சொல்லுவாள். அவர் பார்க்கவே இல்லை.

"தெற்கால."

"தெற்காலையோ? அது கூடாதெல்லே."

"இஞ்ச சூரியனே தெற்காலதானே வருது."

அவள் சிரித்தாள். எங்கேயோ பிள்ளை சிணுங்கியது. வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

அவர் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சேரும். அங்க குசினிக்க வெயில் விழுமோ?"

"காலமையில விழும். யன்னலடியில."

"அதில ஒரு கதிரை போட இடம் இருக்குமோ?"



அவர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கம், நிலத்தில் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.